வட்டத்தாளில் ஒரு வருஷம்

முகாம் எண் 14, ஹாஸி மெஸ்ஸவூதுக்குத் தெற்கே
9 மார்ச் 1985

அன்பு அக்கா கைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி ஜெல்லூல் எழுதுவது. இறைவன் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீயும் மச்சானும் குட்டி நூராவும் சுகந்தானே? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

வந்து எட்டு நாளாயிற்று. இன்னும் யாரோடும் சண்டை போடவில்லை. சிரிக்காதே. பஸ் டிப்போ, சிமெண்ட் கிடங்கு, தபால் ஆபீஸ், கடைசியாக நம் தெரு ரொட்டி அடுப்பு. மூன்று வருஷத்தில் நாலு வேலையை என் வாயும் கையும் சேர்ந்து தின்றுவிட்டன. ரொட்டி அடுப்பில் பதினோரு நாள்தான் தாக்குப்பிடித்தேன். முதலாளி மேல் தட்டை விட்டெறிந்த அன்று ரஹ்மூனா சுடக் கொண்டுவந்த தன் மாவுத்தட்டோடு வரிசையில் நின்றிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அப்படியும் நீ போய்ப் பெண் கேட்டாய். அவள் அப்பா ஹாஜி பூசியானும் விரட்டியடிக்காமல் நிபந்தனை வைத்தார். "ஒரே வேலையில ஒரு வருஷம் முழுசா இருக்கட்டும். மேலதிகாரி கையெழுத்தோட காகிதம் கொண்டு வரட்டும். ஒரு நாள் கொறஞ்சாலும் என் வாசப்படி ஏற வேண்டாம்." இருப்பேன் அக்கா. போன முதல் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வேலை சுலபம். எண்ணெய்க் கிணற்றுக்குள் வாயு எவ்வளவு வேகமாக முட்டுகிறது என்று ஒரு மெஷின் எழுதிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத்தாள், ஒரு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும். ஊதா மை நிரப்பிய சின்னப் பேனா அதன் மேல் கோடு போடும். தாளை மாற்றுவதும் மை ஊற்றுவதும் என் பொறுப்பு.

முகாம் தலைவர் தய்யிப் என்பவர்தான் வில்லங்கம். வந்த அன்றே, "திலிம்சான் மாப்ளயா நீ? அங்க செர்ரி பறிச்ச கை இங்க இரும்பத் தொடுமா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ரஹ்மூனா ஏதாவது சொன்னாளா?

உன் தம்பி,
ஜெல்லூல்

---

திலிம்சான்
2 ஏப்ரல் 1985

அன்புத் தம்பி ஜெல்லூலுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே அனைவரும் நலம். இடுப்பு வலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது, அதை விடு. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தலையில் துணி கட்டிக்கொள்.

எட்டு நாள் சண்டை போடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மச்சான் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "ஒன்பதாவது நாள் கடிதம் எப்ப வருது?" என்றார். அவரை நான் ஒரு பிடி பிடித்துவிட்டேன். ஆனாலும் தம்பி, ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது உன்னைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. அந்தத் தய்யிப் என்ன சொன்னாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. ஹாஜிக்கே கோபம் மூக்குக்கு மேல். போன வாரம் தன் செருப்புக் கடையில் ஒரு வாடிக்கைக்காரரைச் செருப்பாலேயே விரட்டினார். இவர்தான் உனக்குப் பொறுமைப் பரீட்சை வைக்கிறார் என்று தெருவே சிரிக்கிறது. சிரித்தாலும் அவர் பெண் அவர் கையில்தான் இருக்கிறது.

செர்ரி பூத்துவிட்டது. நூராவுக்கு முன்பல் விழுந்தது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பாலைவனத்தில் எதற்கு என்று கேட்காதே, விடிகாலைக் குளிர் எனக்குத் தெரியும்.

உன் அக்கா,
கைரா

---

முகாம் எண் 14
28 ஏப்ரல் 1985

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். நான் சுகம். காலுறை கிடைத்தது, நீ சொன்னது சரிதான், விடிகாலையில் பல் தந்தி அடிக்கிறது. நூராவின் பல் முளைத்துவிட்டதா?

மூன்று நாள் மணல் காற்று. கதவைத் திறக்க முடியவில்லை, ரொட்டியைக் கடித்தால் நறநறவென்று மண். எல்லோருக்கும் எரிச்சல். இரண்டாம் நாள் தய்யிப் என் வேலைக் கொட்டகைக்கு வந்து, மை சிந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்கப்பன் உனக்கு ஒரு ஒழுங்கும் சொல்லித் தரலயாடா?" என்றார்.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. உனக்குத் தெரியும் என்னை. கை தானாக முறுக்கிக்கொண்டது. அவர் போய்விட்டார், கை மட்டும் அப்படியே நின்றது. பின்னாலேயே ஓடிப்போய் ஒன்று வைத்தால்தான் ஆறும் போலிருந்தது. மேஜைமேல் கெட்டுப்போன தாள்கள் கிடந்தன. தண்ணீர்த் தொட்டி ஒழுகி ஒரு பெட்டித் தாள் நெளிந்துபோய், குப்பைக்கென்று வைத்திருந்தவை. பேனாவை எடுத்து ஒரு தாளில் குத்தப் போனேன். குத்தவில்லை. புள்ளி வைத்தேன்.

அந்தத் தாளைப் பார்த்தால் உனக்குப் புரியும். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், நடுவிலிருந்து வளைந்து வரும் இருபத்துநாலு கோடுகள். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் புள்ளி, அடுத்ததில் மீன் செதில், அடுத்ததில் கொக்கி, அடுத்ததில் பின்னல். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒரு சங்கடம், இந்த மெஷின் மை லேசில் காயாது. பேனா அடைக்காமல் நாள் முழுக்க ஓட வேண்டுமே, அதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அவசரப்பட்டால் முழங்கை பட்டு எல்லாம் இழுபட்டுவிடும். அதனால் மெதுவாகத்தான் போட வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே கோட்டை இழுத்தால் கோடு நடுங்குவதில்லை. அழிக்கவும் முடியாது. ஒரு கோடு தப்பினால் அதே தப்பை அடுத்த மூன்று கட்டத்தில் வேண்டுமென்றே போடு, அதுவே கோலமாகிவிடும்! இதைக் கண்டுபிடித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் இரண்டு மணி நேரம் போயிருந்தது. கை விரிந்திருந்தது. தய்யிப் சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. அக்கா, என் முப்பது வயதில் கோபம் யாரையும் அடிக்காமல் தானாகவே இறங்கிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ரஹ்மூனாவிடம் காட்டலாம் என்றால் காட்டு. அவள் ஏதாவது சொன்னாளா?

உன் தம்பி,
ஜெல்லூல்

---

திலிம்சான்
30 மே 1985

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நோன்பு பத்து முடிந்தது. எல்லோரும் நலம். வெயிலில் நோன்போடு வேலை செய்கிறாயே, தலைசுற்றல் ஏதும் இல்லையே?

உன் தாளை மச்சான் முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வட்டத்துக்கு ஏது தலைகீழ்? பிறகு, "உன் தம்பி எண்ணெய் எடுக்கப் போனானா, எம்பிராய்டரி கத்துக்கப் போனானா?" என்றார். ஆனால் அதை எடுத்து ரேடியோவுக்கு மேல் ஒட்டியவரும் அவர்தான்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. நூராவின் நோட்டில் தட்டை வைத்து வட்டம் போட்டு, நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது உட்கார்ந்தேன். கொக்கியும் செதிலும் போட்டுக்கொண்டே போனதில் அடுப்பில் சூப் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. அன்று எல்லோரும் பேரீச்சம்பழம் தின்று, பால் குடித்து நோன்பு திறந்தார்கள். மாமியார் திட்டிய திட்டுக்கு வழக்கமாக நான் மூன்று நாள் அழுவேன். அன்று அழுகை வரவில்லை. நீ சொன்ன சங்கதியில் ஏதோ இருக்கிறதடா.

பெண்கள் குளிக்கப் போகும் ஹம்மாமில் ரஹ்மூனாவைப் பார்த்தேன். ரேடியோவுக்கு மேலிருந்த உன் தாளைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கைரா

---

முகாம் எண் 14
6 ஜூலை 1985

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். நான் சுகம், எல்லோரையும் கேட்டதாகச் சொல். வாங்கிக்கொண்டாள் என்று நிறுத்திவிட்டாயே! வாங்கிக்கொண்டு? பார்த்தாளா, மடித்தாளா, மூஞ்சியைத் திருப்பினாளா? உன்னைத் தபால்காரியாக வைத்தால் ஊர் உருப்படாது.

நாலு மாதம் முடிந்தது. தினமும் ஒரு தாள் போடுகிறேன். என் அறையில் இருக்கும் லக்தர், பிஸ்க்ரா ஊர்க்காரன், முதல் நாள், "என்னப்பா, மருதாணி போடற பொண்ணு மாதிரி குனிஞ்சு உக்காந்திருக்கே? எனக்கும் கைய நீட்டட்டுமா?" என்று கிண்டல் செய்தான். போன வாரம் அவனே வந்து, "அந்தப் பேனாவக் கொஞ்சம் குடு, பொண்டாட்டி கடுதாசி போட்டிருக்கா, தலை கொதிக்குது" என்றான். அவன் போடுவது எல்லாம் பேரீச்ச மரம்தான். கட்டத்துக்கு ஒரு மரம். ஒரு தோப்பே வைத்துவிட்டான்.

இப்போது நான் செய்த பைத்தியக்காரத்தனத்தைக் கேள். போட்டு முடித்த தாள்கள் காய வேண்டும் என்று, நல்ல தாள் இருக்கும் இழுப்பறையிலேயே பரப்பிவைத்தேன். ஒரு விடிகாலை தூக்கக் கலக்கத்தில் மேலே இருந்ததை எடுத்து மெஷினில் மாட்டிவிட்டேன். பாதி போட்டு நிறுத்தியிருந்த தாள், ஓரச் சுற்றில் மட்டும் கோலம், அதே ஊதா மை. கண்ணில் படவில்லை. மெஷின் பேனாவும் பாவம் ஒரு நாள் முழுக்க என் செதில்களைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறது. மறுநாள் எனக்கு ஓய்வு. மாற்று ஆள் பார்க்காமல் கழற்றி உறையில் போட்டான். மாதாந்தர அறிக்கையோடு சேர்ந்து அது தலைநகரத்துக்கே போய்விட்டது!

நேற்று லக்தர் சொல்லித்தான் தெரிந்தது. தலைமை அலுவலகத்தில் யாருக்கும் கண் இல்லாமல் இருக்க துஆ செய்.

உன் தம்பி,
ஜெல்லூல்

---

முகாம் எண் 14
4 ஆகஸ்ட் 1985

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சுகந்தானே? எனக்குக் கவலையாக இருக்கிறது.

தலைமை அலுவலகத்தில் எல்லோருக்கும் கண் இருக்கிறது. கம்பியில்லாத் தந்தியில் கேட்டார்களாம், "பதினாலாம் முகாமில் கிணறு தோண்டுகிறீர்களா, கம்பளம் நெய்கிறீர்களா?" என்று. தய்யிப் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"எந்திரிடா மாப்ளே! படம் வரையவாடா உன்ன இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தோம்? ஆம்பளையாடா நீ? உன்னக் கட்டிக்கப் போறவ பாவம்டா, அவ சமைக்கணும், நீ கோலம் போடணும்!"

அவளையும் இழுத்தார் அக்கா. கூடமே சிரித்தது. என் முன்னால் சூப் கிண்ணம் ஆவி பறந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு தூரம் பறக்கும் என்று என் கை கணக்குப் போட்டுவிட்டது. நான் கண்ணால் மேஜை விரிப்பின் கட்டங்களைப் பிடித்துக்கொண்டேன். முதல் கட்டத்தில் புள்ளி, அடுத்ததில் செதில், அடுத்ததில் கொக்கி. மூச்சை விட்டேன்.

"தப்பு என்னோடதுதான். இனிமே தனியா வச்சுக்கறேன்" என்றேன்.

தய்யிப் நான் பாய்வேன் என்று ஒரு காலைப் பின்னால் வைத்துத் தயாராக நின்றிருந்தார். அந்தக் காலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "பெருநாள் லீவு கெடயாது உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வருஷத்துக்கு இருக்கும் ஒரே லீவு. பெரிய பெருநாளுக்கு நான் வரமாட்டேன்.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய சூஃபி என்று நினைத்துக்கொள்வாய். உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. அறைக்குப் போனதும் இரும்பு அலமாரியை ஓர் உதை விட்டேன். கதவு உள்ளே போய்விட்டது. கால் கட்டைவிரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. லக்தர் மட்டும்தான் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு, ஒரு தாள் முழுக்கப் போட்டு முடித்தேன். கோபம் எனக்கு வராமல் இல்லை அக்கா. வருகிறது. வந்தால் அதை எங்கே உட்காரவைப்பது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அலமாரி விஷயத்தை ரஹ்மூனாவிடம் சொல்லாதே.

உன் தம்பி,
ஜெல்லூல்

---

திலிம்சான்
12 செப்டம்பர் 1985

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உன் பங்கு இறைச்சியைக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் நலம். வெயில் குறைந்துவிட்டது. நூரா பள்ளிக்குப் போகிறாள். கால் விரல் ஆறிவிட்டதா? சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஒற்று.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உன் அக்கா,
கைரா

---

முகாம் எண் 14
5 அக்டோபர் 1985

அக்காவுக்கு,

ஸலாம். கால் விரல் ஆறிவிட்டது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லையா? நேற்று நம் ஊர் லாரி டிரைவர் ஒருவர் குழாய் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊர்க்காரனாயிற்றே என்று டீ கொடுத்தேன். அவர் சாவகாசமாகச் சொல்கிறார், "செருப்புக் கடை ஹாஜி வீட்டுக்கு மாப்ள வந்தாச்சாமே! மக்னியா சுங்க ஆபீஸ்ல வேல, வெள்ளைக் கார். பெருநாளைக்கு ஒரு தடவ, அதுக்கு முந்தி ஒரு தடவ."

டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தேன். அது எனக்கே ஆச்சரியம்.

நீ ஏன் மறைத்தாய்? மூன்று மாதம் கடிதம் போடாமல், போட்டதும் எட்டு வரி! தபால் ஆபீஸில் வேலை செய்தவன் நான். மெலிந்த உறையில் எது இல்லை என்று எனக்குத் தெரியாதா?

லாரி சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு கிளம்புவதாக இருந்தது. பையைக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் திலிம்சானில் இறங்கி, நேராக ஹாஜி கடைக்குப் போய், "வாக்குன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கார்க்காரனையும் பார்க்க வேண்டும். லக்தர் வாசலை மறித்து நின்றான். "போடா, போ. போய் அவங்க கையில லட்டு மாதிரி காரணத்தக் குடு. ‘பாத்தீங்களா, ஏழு மாசத்துல ஓடி வந்துட்டான்’னு ஹாஜி ஊரெல்லாம் சொல்வாரு." நகரு என்றேன். நகர்ந்துவிட்டான். அவன் நகர்ந்ததுதான் என்னை நிறுத்தியது. யாராவது பிடித்து நிறுத்தினால் எனக்குத் திமிறிக்கொண்டு போகத் தெரியும். பிடிக்க ஆள் இல்லாமல் தானே நிற்க எனக்குப் பழக்கமே இல்லை.

பையின் மேல் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து ஒரு தாளை எடுத்தேன். முதல் சுற்று நடுக்கம்தான், கோழி கிளறியது போல். லாரி ஹாரன் அடித்தது. இரண்டாம் சுற்று. மறுபடி ஹாரன். கட்டம் கட்டமாக யோசித்தேன். நான் போனால் அவள் முன்னால் யாராக நிற்பேன்? ரொட்டித் தட்டை எறிந்தவனாக. போகாமல் இருந்தால் அவளை இழக்கலாம். ஆனால் போனால் நிச்சயம் இழப்பேன். மூன்றாவது ஹாரன் அடித்தபோது எழுந்து வாசலுக்குப் போனேன், டிரைவருக்குக் கையை ஆட்டி, "நீங்க போங்க" என்றேன். லாரி போன தூசி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன் அக்கா. உன்னிடம் என்ன மறைப்பு.

நான் வரவில்லை. மார்ச் முதல் தேதிவரை இங்கேதான் இருப்பேன். அவள் வேறொருவர் மனைவியாகிவிட்டாலும் இந்த வருஷத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன். இது இப்போது எனக்காகவும்தான்.

எதுவானாலும் உண்மையை எழுது.

ஜெல்லூல்

---

திலிம்சான்
24 அக்டோபர் 1985

என் கண்ணே, தம்பி,

ஸலாம். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபடியே அழுதேன். மச்சான் பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தார். படித்துக் காட்டினேன். "உன் தம்பி லாரிய அனுப்பிட்டானா? ஜெல்லூலா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறைத்தது தப்புதான், என்னை மன்னித்துவிடு. ஜூலையில் அந்தக் கார் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ அடுத்த வண்டியில் வந்து நிற்பாய் என்று பயம். பொய் எழுதவும் கை வரவில்லை. அதனால் எழுதாமலே இருந்தேன். உன்னைப் பழைய ஜெல்லூலாகவே நினைத்துவிட்டேன், அதுதான் என் பெரிய தப்பு.

கார்க்காரர் இப்போது வருவதில்லை. நிச்சயம் ஆகவில்லை. ரஹ்மூனா சம்மதிக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை எழுத எனக்கு அனுமதி இல்லை. சத்தியம் செய்திருக்கிறேன். கெட்ட விஷயமில்லை, பயப்படாதே.

நான் வேறொரு துரோகமும் செய்திருக்கிறேன். உன் கடிதங்களை எல்லாம் அவளுக்குப் படிக்கக் கொடுத்தேன். அலமாரிக் கடிதத்தையும்தான். திட்டுவதாக இருந்தால் தாளில் கொக்கி போட்டுத் திட்டு.

உன் அக்கா,
கைரா

---

முகாம் எண் 14
1 மார்ச் 1986

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

ஸலாம், ஆயிரம் ஸலாம்! முடிந்துவிட்டது! முந்நூற்று அறுபத்தைந்து நாள், ஒன்று குறையவில்லை!

காலை எட்டு மணிக்கே தய்யிப் அறைக்குப் போனேன். காகிதத்தை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடி போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "ஒழுக்கம்னு ஒரு வரி இருக்கே, அதுல என்னடா எழுத?" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். "ஒரு வருஷமா உன்ன நோண்டிப் பாத்துட்டேன்டா. நீ அடிப்பே, நான் தூக்கி வெளிய போடலாம்னு. உன் பழைய முதலாளிங்க சொல்லி அனுப்பின கதையெல்லாம் பொய்யா?" "எல்லாம் நெசந்தான்" என்றேன்.

சிரித்துவிட்டார் அக்கா! அந்த மனிதருக்குப் பல் இருப்பதே இன்றுதான் தெரிந்தது. "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை மேஜை அதிர ஓங்கிக் குத்தினார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய் ஜெல்லூல். அந்தக் கெட்டுப்போன தாள் மிச்சம் இருந்தா ரெண்டு குடுத்துட்டுப் போ. டாக்டர் எனக்கு ரத்தக் கொதிப்புன்னு சொல்றான்."

மாப்ளே என்று கூப்பிடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பத்துத் தாள் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் லக்தர் மேஜைமேல் ஏறி நின்று, "ஒரு வருஷம்! ஒரு அலமாரி! வேற சேதம் இல்ல!" என்று கத்தினான். அறுபது பேரும் கரண்டியால் தட்டில் தட்டினார்கள்.

என்னை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். பதினேழாம் தேதி லீவில் கிளம்புகிறேன். வியாழன், இருபதாம் தேதி, ஹாஜி வீட்டு வாசற்படி ஏறுவேன். அவர் என்ன சொன்னாலும் சரி, நிமிர்ந்துதான் இறங்குவேன்.

ரஹ்மூனா ஏதாவது... வேண்டாம், கேட்கவில்லை.

உங்கள்,
ஜெல்லூல்

---

திலிம்சான்
8 மார்ச் 1986

மரியாதைக்குரிய ஜெல்லூல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கட்டைவிரலும்கூட. எழுதுவது ரஹ்மூனா. நிக்காஹ் ஆகாத பெண் கடிதம் எழுதுவது இங்கே வழக்கமில்லை, தெரியும். ஒரு வருஷமாக ஒரே கேள்வியை உங்கள் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்கு நானே பதில் சொல்வதுதான் முறை.

அந்த ஒரு வருஷ நிபந்தனை அப்பா வைத்ததல்ல, நான் வைத்தது. அம்மா மூலமாக அவர் காதில் போட்டேன். அவர் அது தன் யோசனை என்றே நினைத்துக்கொண்டார். கைரா அக்காவுக்கு மட்டும் தெரியும், அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

ரொட்டி அடுப்பில் பத்து நாளும் என் ரொட்டியைக் கருகாமல் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்கள். பதினோராம் நாள் தட்டு பறந்தது. இரண்டையும் பார்த்தவள் நான். முதலாவதற்காக ஆசைப்பட்டேன், இரண்டாவதைப் பார்த்து நடுங்கிப்போனேன். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அத்தைமார்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கோபம் இருந்த இடத்தில் கண்ணாடித் துண்டுகள்தான் இருந்தன. விருந்தாளி வருவதற்குள் அம்மா அவற்றைக் கூட்டி அள்ளிவிடுவார். ஒருமுறை அவர் மணிக்கட்டையும் துணி சுற்றி மறைத்தார். இன்னொரு வீட்டிலும் போய் நான் துண்டு பொறுக்கமாட்டேன் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

கார்க்காரர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவிடம் தண்ணீர் கேட்கவில்லை, விரலைச் சொடுக்கினார். வேண்டாம் என்றேன்.

உங்கள் கடிதங்களில் கோபமே வராது என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். அலமாரியை உதைத்ததை எழுதினீர்கள், அன்றைக்குத்தான் நம்ப ஆரம்பித்தேன். லாரியை அனுப்பிய கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று அப்பா தட்டைத் தூக்கினார். அம்மா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். "அப்பா, ஒரு மனுஷன் பாலைவனத்துல ஒரு வருஷம் இருந்து காட்டிட்டான். நீங்க ஒரு சாப்பாட்டு நேரம் இருக்கக் கூடாதா?" என்றேன்.

இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தட்டு அவர் கையிலேயே இருந்தது. நான் உட்காரவில்லை. வெகு நேரம் கழித்து அவர் அதைக் கீழே வைத்தார். சாப்பிட்டார். உப்பை அவரே எழுந்து போய் எடுத்துவந்தார். அம்மா கண்ணைத் திறந்து, முதலில் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை வாருங்கள். பெண் கேட்க வருகிறவர்களுக்கு வீட்டு ஆண்கள்தான் கதவு திறப்பார்கள். அன்றைக்கு நான்தான் திறப்பேன்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
ரஹ்மூனா